கோடாலிப் பிசிறும் ஔவை கேட்ட நாவல் பழமும்

ஓம் சரவணபவ!



போன கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தேன். ஏழாம் நாள் திருக்கல்யாணம் தரிசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மழைக் காத்துல வேப்பங்கிளை ஒன்று முறிஞ்சு வாசலில் கிடந்தது. அப்பா காலத்துக் கோடாலியை எடுத்து வெட்ட ஆரம்பித்தேன். பல வருஷமா தீட்டாதது. நாலாவது வெட்டில் கிளையில் இறங்காமல் வழுக்கி, பக்கத்தில் நின்ற மகனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தியது.

பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "அறிவிருக்கா? இங்க எதுக்குடா வந்து நின்ன?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். பிள்ளை அழவில்லை. "ஆறு நாள் சாமி கும்பிட்டீங்களேப்பா..." என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். தச்சு வேலை பார்த்தவர். கோடாலியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கூரான கோடாலி மரத்துல இறங்கும். மழுங்கினது வழுக்கி ஆள் மேல பாயும். பையன் மேல தப்பு இல்ல" என்றார்.

"மெஷின்ல கொடுத்துத் தீட்டிடவா ஐயா?" என்றேன்.

"அவசரப்பட்டு மெஷின்ல அழுத்தினா சூடேறி வாய் நீலம் பாயும். கொல்லர் வச்ச பதமே போயிடும். ஒரு அரமும் தீட்டுக்கல்லும் போதும்."

கோடாலியை அசையாமல் பலகையோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு, பழைய சரிவை, சுமார் 25 பாகை, மாற்றாமல் அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளினேன். அரம் தள்ளும்போதுதான் அறுக்கும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இந்தப் பக்கம் எத்தனை இழுப்போ, மறுபக்கமும் அத்தனை. அரை மணி நேரத்தில் வாய் பளபளன்னு ஆச்சு. "முடிஞ்சதுங்களா?" என்றேன் பெருமையாக.

"பின்பக்கம் கட்டை விரலை மெதுவா வச்சு, வாயை நோக்கி வெளியே தடவிப் பாருங்க."

மெல்லிசா ஏதோ நெருடியது.

"அதுதான் பிசிறு. தீட்டத் தீட்ட அது வரும். வந்தாத்தான் நல்லா தீட்டியிருக்குன்னு அர்த்தம். ஆனா அதை அப்படியே விட்டா முதல் வெட்டுலயே மடிஞ்சு, கூரையும் கெடுத்துடும்."

கல்லை நனைத்து, சின்ன வட்டமாக இரு பக்கமும் தேய்த்தோம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் இழுத்ததும் பிசிறு போனது. துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்தோம்.

அடியார்களே, அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. பிசிறு!

ஔவைப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். தமிழைத் தீட்டித் தீட்டிக் கூராக்கிய அறிவு. ஆனாலும் ஓரத்தில் ஒரு பிசிறு: 'எனக்குத் தெரியாததா!' என்ற எண்ணம். பழமுதிர்சோலையில், நாவல் மரத்தில் மாடு மேய்க்கும் சிறுவனாக உட்கார்ந்திருந்தான் நம் அப்பன். சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்டான். உதிர்ந்த பழத்தில் ஒட்டிய மண்ணைப் பாட்டி ஊதியபோது, பழம் சுடுகிறதா என்று சிரித்தான். பாட்டிக்கு அப்போது தோன்றிய உவமை எது தெரியுமா? கோடாலிதான்! வைரம் பாய்ந்த கருங்காலியை வெட்டிய கோடாலி, வாழைத்தண்டிடம் தோற்றுப்போனதே என்று வெட்கப்பட்டாள். அந்த வெட்கம்தான் கல். பிசிறு அங்கேயே போய்விட்டது.

விரதம் இருக்கிறோம், கவசம் படிக்கிறோம், காவடி எடுக்கிறோம். எல்லாம் நல்ல தீட்டல்தான். ஆனால் 'நான் ஆறு நாள் பட்டினி கிடந்தவன்' என்ற பிசிறும் கூடவே வளர்கிறது. அது முதலில் கிழிப்பது நம் வீட்டு மனுஷங்களைத்தான். அதைக் காட்டிக்கொடுக்க முருகன் மயிலேறித்தான் வரணும்னு இல்லை. வீட்டுச் சின்னப் பிள்ளை வாயிலும் வருவான்.

மறுநாள் காலையில் மகனைக் கூப்பிட்டு, "தப்பு அப்பா மேலதான்டா" என்றேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் மன்னிப்பு அது. அன்றைக்குத்தான் என் விரதம் முடிந்தது.

இந்த வாரம் பூஜைக்கு உட்காரும் முன், நாம் யாரைக் கத்தினோம் என்று ஒருமுறை தடவிப் பார்ப்போம். நெருடினால் முதலில் அங்கே போவோம்.

வேலும் மயிலும் துணை!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!