உறையில் இல்லாத பெயர்கள்

வாழைப்பழம் இறக்கி வைப்பதற்காகத் தேம்ஸ் நதிக்கரையில் எழுப்பப்பட்ட பண்டகசாலையொன்று, 1989 முதல் 2016 வரை இலண்டன் வடிவமைப்பு நூதனசாலையாக இயங்கிற்று. 2003இல் அங்கே, மன்செஸ்ரர் நகரத்தவரான பீற்றர் சவிலின் ஏறத்தாழ 25 ஆண்டு வேலைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவருக்குப் புகழ் தேடித் தந்தவை றொக் இசைத்தட்டுக்களின் உறைகள். தட்டைச் சுழலவிட்டபின் மூலையிற் சாத்தி வைக்கும் அட்டைகள்.

அட்டை சுவரேறியதும் கலையாகிவிடுமா என்று கேட்பாருளர். அக்கேள்வியில் நமக்கு அக்கறையில்லை. தொழிலாளியின் பிள்ளையும் வாங்கக்கூடிய விலையில் வந்ததனால் ஒரு படைப்புத் தாழ்ந்துவிடாது. நம்மை உறுத்துவது வேறு: சுவரிலே தொங்கும் அந்த ஒற்றைப் பெயர்.

ஜோய் டிவிஷன் குழுவினர் 1979இல் வெளியிட்ட 'அன்னோன் பிளெஷர்ஸ்' தட்டை எடுத்துக்கொள்வோம். முகப்பிலே குழுவின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை. கருவெளியில் வெண்கோடுகள் மலைத்தொடர்போல் அடுக்கடுக்காக எழுந்து தாழ்கின்றன. விற்பனைச் சரக்கொன்று தன்னைக் கூவி விற்க மறுத்த அந்தத் துணிவை நாம் மதிக்கிறோம். ஆனால், கோடுகள் சவிலுடையவையல்ல. 1967இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல், விண்ணிலிருந்து தாளந்தவறாது வந்த வானொலித் துடிப்பைக் கண்டறிந்தார். (1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்குப் போயிற்று, அது தனிக்கதை.) அந்த விண்மீனின் துடிப்புக்களை அரெசிபோ தொலைநோக்கியின் மூலம் பதிந்து வரிவரியாக அடுக்கியவர் கோர்னெல் சர்வகலாசாலை மாணவர் ஹரல்ட் கிராஃப்ட். அவருடைய 1970ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அப்படம் உள்ளது. கணனி தந்த கோடுகளை மையினால் ஒற்றி வரைந்தவர் அங்கு பணிபுரிந்த ஒரு பெண். கிராஃப்ட் பின்னாளிற் கூறிய வரலாற்றிலும் அவருக்குப் பெயரில்லை.

வானியற் கலைக்களஞ்சியமொன்றில் அச்சான அப்படத்தைக் குழுவினரே தேர்ந்து கொடுத்தனர். வெள்ளையிற் கறுப்பாயிருந்ததைச் சவில் கறுப்பில் வெள்ளையாக்கினார்.

1983இல் நியூ ஓர்டர் குழுவின் தட்டொன்றுக்கு, ஃபன்ரின்-லற்றூர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1890இல் வரைந்த ரோஜாக்கூடை உறையாயிற்று. ஓவியம் இலண்டன் தேசிய கலைக்கூடத்துக்குரியது. இசைத்தட்டு நிறுவனத்தின் ரோனி வில்சன், அது யாருடைய சொத்தென்று கூடத்தாரைக் கேட்டதாகவும், மக்களுடையது என்று பதில் வந்ததும், அப்படியானால் மக்கள் அதைக் கேட்கிறார்கள் என்றதாகவும் ஒரு கதையுண்டு. நமக்கு மிகப் பிடித்த கதை!

பொதுவுடைமையை ஏற்கும் நாம் கிராஃப்டுக்காக ஏன் வாதாட வேண்டும் என்று கேட்கலாம். எடுத்ததில் நமக்கு வழக்கில்லை. விண்மீனின் துடிப்புக்கு வேலி போட முடியாது. ஆயினும் பொதுவிலிருந்து எடுத்தது ஒரு தனிப்பெயரின் கீழ்ச் சேரும்போதுதான் அநீதி தொடங்குகிறது. அப்பெயரும் நில்லாமல் பொருள் வெறும் பணமாகும் நாளும் வருகிறது: 2012இல் டிஸ்னி கம்பனி அதே கோடுகளை மிக்கி மௌஸின் உருவமாக வளைத்துச் சட்டையில் அச்சிட்டு விற்கப் பார்த்தது. எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கிற்று. சினிமாவிலே விளக்குப் பிடித்தவனுக்கும் திரையில் ஒரு வரியுண்டு. கண்காட்சிச் சுவரில் அந்த வரிக்கு இடமில்லாமற் போவதற்கு நியாயமேது?

கிராஃப்டுக்குச் செய்தி பல ஆண்டுகள் கழித்தே எட்டியது. அவர் கடைக்குப் போய், தம் படம் பதிந்த தட்டொன்றை விலை கொடுத்து வாங்கி வந்தார்.