இறந்தவர்க்குப் பட்ட கடன்

தோட்டத்து ஆபீசில் நாள்தோறும் பேரேடு புரட்டிப் பிழைப்பவன் யான். கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் உண்டு. திருப்பிச் செலுத்தினால் வாங்கிக்கொள்ளவும் அவர் இருத்தல் வேண்டும். இது கணக்கறிந்தார் யாவர்க்கும் தெரிந்ததே. ஆயின், நம் பிழையால் ஒருவர் மாண்டுபோனால் அக்கடனை யாரிடம் செலுத்துவது? வாங்குவார் இல்லை என்பதற்காக அது தள்ளுபடியாகிவிடுமோ?

இவ்வினாவையே தம் நாவல்களின் உயிராக வைத்திருக்கிறார், இக்கால ருஷ்ய ஆசிரியர் யெவ்கேனி வொடொலாஸ்கின். அவர் 1964-ம் ஆண்டு கீவ் நகரிற் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள புஷ்கின் இல்லத்தில் பழைய ருஷ்ய ஏடுகளை ஆராய்ந்த அறிஞர். 2012-ல் வெளிவந்த 'லாவ்ர்' என்னும் நாவல் அவர் புகழைப் பிற நாடுகளிலும் பரப்பியது. ஆங்கிலத்தில் அது 'லாரஸ்' எனப் பெயர் பெறும்.

கதை 15-ம் நூற்றாண்டு ருஷ்யாவில் நிகழ்வது. அர்சேனி என்னும் இளைஞன் பாட்டனாரிடம் மூலிகை வைத்தியம் கற்றவன். கொள்ளைநோயில் ஊராரை இழந்து வந்த உஸ்தினா என்னும் பெண்ணுக்கு அடைக்கலம் தருகிறான். அவளோடு மணமின்றியே வாழ்கிறான். அவளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. மருத்துவச்சியை அழைத்தால் ஊரார்க்குச் செய்தி தெரிந்துவிடும். அந்த அச்சத்தினாலும் நாணத்தினாலும் அவன் யாரையும் அழைத்திலன். தாயும் சேயும் மாள்கின்றனர்.

பிறர் நோய் தீர்த்த கைகள் தன்னவளைக் காக்கவில்லை! அன்றுமுதல் அவன் தன் வாழ்நாளை அவளுக்கென்றே ஒப்புவிக்கிறான். கொள்ளைநோய் கண்ட வீடுகளில் அஞ்சாது நுழைந்து பணி செய்கிறான். பின்னர், தன் பெயரையும் விடுத்து, அவள் பெயரை ஆண்பாலாக்கி 'உஸ்தின்' என்று பூண்டு, பிஸ்கோவ் நகரத்து இடுகாட்டில் பித்தனைப்போல் வாழ்கிறான். ஜெருசலேம் வரை யாத்திரை போகிறான், முடிவில் துறவியாகிறான். நூல் முழுவதும் அவளோடு பேசிக்கொண்டே இருக்கிறான். அவளோ ஒருகாலும் மறுமொழி கூறுவதில்லை.

'உடலை வருத்துவதும் ஊர் சுற்றுவதும் இறந்தவளுக்கு என்ன பயன் தரும்?' என்று பகுத்தறிவுடைய நண்பர் வினவுவர். நியாயமான கேள்வியே. யானும் அவ்வாறே எண்ணிக்கொண்டுதான் நூலைப் படித்து வந்தேன். விடை இறுதிப் பகுதியிற் கிடைத்தது.

முதுமையில், அனஸ்தாஸியா என்னும் அநாதைப் பெண் கருவுற்ற நிலையில் அவரிடம் அடைக்கலம் புகுகிறாள். பழி அவர்மேல் வருகிறது. அவர் அதை மறுத்தாரில்லை. பல்லாண்டு தேடிய நற்பெயர் ஒரு நொடியில் அழிய, அவர் தம் கையாலேயே அவளுக்குப் பேறு பார்க்கிறார். குழந்தை உயிரோடு பிறக்கிறது. அதன்பின் அவர் உயிர் பிரிகிறது.

அன்பர்களே, இங்கே சற்று நின்று நோக்குங்கள். அன்று மானத்துக்கு அஞ்சி ஓர் உயிரை விட்டான். இன்று மானத்தை விட்டு ஓர் உயிரைக் காத்தான். அவன் கழிவிரக்கம் மெய்யானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? கண்ணீரும் விரதமும் எளியவை. முன்பு தவறிய அதே சோதனை மீண்டும் வாயிலில் வந்து நிற்கும்போது தவறாதிருப்பதே அரிது.

2016-ல் வெளிவந்த 'விமானி' என்னும் நாவல் இக்கேள்வியை இன்னும் கடுமையாக்குகிறது. 1900-ல் பிறந்த பிளாத்தனோவ், சொலோவெத்ஸ்கித் தீவுச் சிறைமுகாமில் ஆராய்ச்சிக்காக உறைபனியில் வைக்கப்பட்டு, 1999-ல் கண் விழிக்கிறான். அரசாங்கத்தின் கொடுமைக்கு இரையானவன் அவன். ஆயினும் அவன் நெஞ்சிலும் ஒரு கொலையின் நினைவு புதைந்து கிடக்கிறது. பிறர் நமக்கிழைத்த தீமை எத்துணைப் பெரிதாயினும், நாம் பட்ட கடனை அது கழித்துவிடாது என்பதே இதன் கருத்தென்பேன்.

உஸ்தினா மீண்டு வந்தாளில்லை. ஆகவே கணக்குத் தீர்ந்ததென்று யான் சொல்லத் துணியேன். ஆயினும் ஒன்று தெரிகிறது. இறந்தவர் தமக்குரியதை வாங்க வாரார். அவர் பொருட்டு வாங்குவோர் உயிரோடு நம் வாயிலில் நிற்கின்றனர். ஊர் என்ன சொல்லுமோ என்று கதவைச் சாத்துமுன், அவர் முகத்தை ஒருமுறை உற்று நோக்குவோமாக.