தலை கொய்த ஆணைகள்

இறைவன் திருநாமத்தை வீணிலே வழங்கலாகாது என்பது விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. ஆயினும் கோபமோ வியப்போ மேலிடும்போது அந்த நாமமே முந்திக்கொண்டு நாவில் வந்து நிற்பது மனித சுபாவம். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட பழைய ஆங்கிலேயர், ‘கடவுளின் காயங்கள்மீது ஆணை’ என்பதை ‘ஸவுண்ட்ஸ்’ என்றும், ‘கடவுளின் உதிரத்தின்மீது ஆணை’ என்பதை ‘ஸ்ப்ளட்’ என்றும், நாமத்தின் தலையைக் கொய்து வாலை மட்டும் வழங்கும் விசித்திர உபாயத்தைக் கைக்கொண்டார்கள்.

சட்டமும் இதில் தலையிட்டது. மேடையில் தெய்வ நாமத்தை அவமதிப்பாக உச்சரித்தால் பத்துப் பவுன் அபராதம் என்று 1606-இல் விதி பிறந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ 1622-இல் அச்சேறியபோது அந்நாடகத்தின் வில்லனான இயாகோ வாய் திறந்து மொழியும் முதற்சொல்லே ‘ஸ்ப்ளட்’தான், மறு ஆண்டில் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பிலோ அச்சொல் சுவடின்றி மறைந்துவிட்டது.

தோஷம் ஒலியில் உள்ளதா, உள்ளத்தில் உள்ளதா? ஒலியில் என்றால் எழுத்தைக் குறைத்தவன் தப்பிவிட்டான். உள்ளத்தில் என்றால் சர்வாந்தரியாமியை எழுத்துக் குறைத்து ஏமாற்றியவர் எவர்? எனினும், அந்த உபாயத்தை வெறும் கபடம் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை; நாமத்தின் மகிமையை உணராதவனுக்கு அதை மறைக்கும் அவசியமே நேராது. ‘கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்’ என்ற கொடிய சாபம் ‘பிளைமி’ என்று தேய்ந்து, பொருளறியாத லண்டன் சிறுவனின் வாயில் விளையாட்டாயிற்று. அவனிடம் பாவம் இல்லை, பயமும் இல்லை. அவ்விரண்டும் ஒருங்கே நீங்கியது லாபமா, நஷ்டமா என்பதே சிந்திக்கத் தக்கது.