கற்பித்தல் உத்தி யாருடைய உடைமை?

ஆசிரியனுக்கு இலக்கணம் வகுத்த தமிழ் நூல்களுள் பவணந்தி முனிவரின் நன்னூல் பெரிதும் பயிலப்பட்டதாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூல், நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறியதோடு அமையாது, ஆசிரியனாதற்குத் தகாதவனுக்கும் நான்கு உவமைகளைக் கூறுகின்றது. அவற்றுள் இரண்டு ஈண்டுச் சிந்தித்தற்குரியன. ஒன்று மடற்பனை, தானாகப் பழம் விழுந்தாலன்றிப் பிறர் அணுகிப் பறிக்க இடந்தராதது. மற்றையது முடத்தெங்கு, நீர் வார்த்து வளர்த்தவன் ஒருவனாக, வேலிக்கு அப்பால் வளைந்து அயலான் வளவினுள் காய்களை உதிர்ப்பது. அறிவை அடைத்து வைத்தலும் குற்றம். உரியவரை விடுத்துப் பிறர்க்கு வழங்குதலும் குற்றம் என்பது இவற்றாற் பெறப்படும்.

அவ்வாறாயின், ஓர் ஆசிரியர் தம் வகுப்பறையிற் கண்டறிந்த உத்தியை அயற் பாடசாலை ஆசிரியர்க்கு வழங்குதல் கடமையா, கொடையா, அன்றிக் குற்றமா என்னும் வினா எழுகின்றது.

தெஹிவளையில் தரம் ஏழு மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் உளர் என்று கொள்க. பூமியின் நிழல் விழுவதாலேயே பிறை தோன்றுகின்றது என்று பிள்ளைகள் பிழையாக எண்ணியிருக்கின்றனர். கரும்பலகைப் படம் அவ்வெண்ணத்தை அகற்றவில்லை. ஆசிரியை அறையை இருளாக்கி, ஒரு புறத்திலிருந்து மின்சூளின் ஒளியைப் பாய்ச்சுகின்றார். பிள்ளை ஒன்று வெண்பந்தைத் தலையின் நிழல் படாதவாறு சற்றே உயர்த்திப் பிடித்தபடி மெல்லச் சுழல்கின்றது. அப்பிள்ளை காண்பதையே வகுப்பினர் அனைவரும் காணும்பொருட்டு, அக்கண்களின் அருகிலிருந்து கையடக்கத் தொலைபேசியிற் காணொளி எடுக்கப்படுகின்றது. பிறை வளர்ந்து முழுமதியாகித் தேய்வது நிழலின்றியே நிகழ்வதைக் கண்டதும் பழைய எண்ணம் அகல்கின்றது.

இக்காணொளி யாருக்கு உரியது? வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியை அண்டிய ஒழுங்கைகளிலே தனியார் வகுப்புகளின் விளம்பரங்கள் நிறைந்துள்ளன. அச்சந்தையில் நல்ல உத்தி ஒரு முதலீடாகும். அதனை இலவசமாக வழங்குமாறு ஆசிரியையிடம் கேட்போர், அவருடைய நேரத்தையும் பணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் தம் சொந்தத் தொலைபேசியிலே, தம் சொந்தச் செலவிலே, வட்ஸ்அப் வழியும் சூம் வழியும் கற்பித்தனர். 2021 யூலையில் ஆசிரியர் சங்கங்கள், நெடுங்காலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அப்போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. பிள்ளைகளுக்கு அதனால் நேர்ந்த இழப்புப் பெரிது. ஆயினும், ஈகையைக் கடமையாக்கி அதன் செலவை ஈபவர் தலையிலேயே சுமத்தும் சமூகம் நீதியுடையதாகாது என்பதையும் அது உணர்த்திற்று.

எனினும், இவ்வாதம் வினாவின் ஒரு பாதியையே தொடுகின்றது. மறுபாதி, மரத்துக்கு நீர் வார்த்தவர் யார் என்பதாகும். இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆசிரியை பெற்ற கல்வியும் பயிற்சியும் பொதுமக்களின் பணத்தால் அமைந்தவை. அவருடைய உத்தியோ அவர்தம் ஆசிரியர்களிடமிருந்தும், தம் பிழைகளாலேயே வழிகாட்டிய பிள்ளைகளிடமிருந்தும் பிறந்தது. அதிலும், நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோரின் உழைப்பு நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தாங்கி நின்றது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் 1970களிலிருந்தே படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. முதலில் நீர் வார்த்தவர்க்கு இறுதியிலேயே காய் கிட்டியது. ஆகவே அங்குள்ள பிள்ளைக்கு இக்காணொளி சென்றடைதல் அயலானுக்கு இட்ட கொடையாகாது. பழங்கடனின் சிறு பகுதியைத் தீர்த்தலேயாம். உழைப்புக்கு ஊதியம் பெறுதல் குற்றமன்று. பொதுநீரால் விளைந்த காயைக் கட்டணம் செலுத்துவோர் வளவினுள் மாத்திரம் உதிர்ப்பதே இன்றைய முடத்தெங்கு.

கடன் என்று கொண்டால், அதனைத் தீர்க்கும் முறை யாது? பிரான்சிலே செலெஸ்தீன் பிரெனே என்னும் கிராமப் பாடசாலை ஆசிரியர், முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்றமையால் நெடுநேரம் பேசிக் கற்பிக்க இயலாதவரானார். 1924இல் ஒரு சிறிய அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொணர்ந்து, பிள்ளைகள் தாம் எழுதியதைத் தாமே அச்சிடச் செய்தார். அத்தாள்கள் நாட்டின் மறுகோடியிலிருந்த பாடசாலைக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. காலப்போக்கில் ஆசிரியர்களின் கூட்டுறவு இயக்கமொன்று அதனின்றும் வளர்ந்தது. ஒருவர் வழங்கப் பிறர் பெறுதல் என்றிராது, யாவரும் வழங்கிப் பெறுதலே அதன் உயிராயிற்று.

இலங்கையிலும் களஞ்சியங்கள் இல்லாமலில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தமிழிலும் பாடங்களைத் தருகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் திரட்டியது. ஆயினும் களஞ்சியம் வேறு, சமுதாயம் வேறு. மேற்கூறிய காணொளியைப் பெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு இருளாக்கத்தக்க அறை இல்லை என்று கொள்க. அவர் காலையிற் சந்திரன் தென்படும் ஒரு நாளிலே பிள்ளைகளை வெயிலுக்கு அழைத்துச் சென்று, பந்தைச் சந்திரன் தோன்றும் திசையில் உயர்த்திப் பிடிக்கச் செய்கின்றார். வானத்துச் சந்திரன் எவ்வடிவமோ அவ்வடிவமே பந்தின் ஒளிபட்ட பகுதியிலும் தோன்றுகின்றது. மின்சூளும் தொலைபேசியும் வேண்டாத இவ்வுத்தியை அவர் திருப்பி அறிவிக்கும்போது, தெஹிவளை ஆசிரியை தாம் கொடுத்ததிலும் மேலானதைப் பெறுகின்றார்.

எனவே இக்கடமை ஒருபாற் கோடியதன்று. கண்டறிந்தவரின் பெயரை மறையாது கூறுதல் பெறுபவர் கடன். பிறர் திருத்தக் கேட்டல் கொடுப்பவர் கடன். காணொளியிலே பிள்ளையின் முகம் பெற்றோர் இசைவின்றிப் பரவாது காத்தல் இருவர்க்கும் கடன். இதற்கெனப் பாடசாலை நேரசூசியில் இடமும், செலவுக்குப் பணமும் ஒதுக்குதல் அரசின் கடன். இவற்றுள் இறுதியது நிறைவேறும் வரை ஏனையவற்றை ஒத்திவைக்கலாம் என்பார் உளர். ஆயின், தரம் ஏழிற் பயிலும் பிள்ளை அந்த ஆண்டை மீண்டும் பெறுவதில்லை. உரிமைக்குப் போராடும் ஆசிரியரும் மடற்பனையாக நிற்றல் வேண்டியதில்லை. கேட்டு வரும் சக ஆசிரியர்க்குத் தாம் அறிந்ததைக் கூறுதற்கு எந்தச் சுற்றுநிருபமும் வேண்டுவதில்லை.