தெருமுனையில் நாற்காலி

கலைக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் வாரம் இது. புதுச் சட்டையும் புது பஸ் பாஸுமாகப் பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். வழியனுப்பி வைக்கும் பெற்றோருக்கு, சிகாகோ நகரத்துத் தாய் ஒருவர் செய்த காரியத்தைச் சொல்ல இதுவே சரியான நேரம்.

அவர் பெயர் தமார் மனாசே. சிகாகோவின் தெற்குப் பகுதியில் எங்கிள்வுட் என்றொரு வட்டாரம் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் அங்கே புதிதல்ல. 2015 கோடையில், 75ஆவது தெருவும் ஸ்டூவர்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படி ஒரு சாவு விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அந்தப் பகுதிக்கே அத்துப்படி. ஒரு கும்பல் பழிவாங்கக் கிளம்பும், மறு கும்பல் பதிலடி கொடுக்கும், நடுவில் மீசை முளைக்காத பையன்கள் சாவார்கள். மனாசேவுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் இன்னும் சில தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டார். மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய், கொலை நடந்த அதே முனையில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அடிக்கும் ரோஸ் கலரில் டி-ஷர்ட். பக்கத்தில் ஒரு கரி அடுப்பு, அதில் ஹாட் டாக் வெந்துகொண்டிருக்கும். யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, காசு கிடையாது. பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மாதங்களில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு மதியச் சாப்பாடே நிச்சயமில்லை. வயிற்றுப் பசிக்கு வந்தவர்கள் பேச்சுக்கும் நின்றார்கள். ஐந்து வயதுக் குழந்தை தட்டேந்தி நிற்கும் இடத்தில், நாலு அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, துப்பாக்கியை எடுக்க எவனுக்கும் சட்டென்று கை வராது.

அந்தக் கோடை முழுக்க உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களிலும் வந்தார்கள். 2019 ஜூலையில், அங்கே உதவிக்கு வந்துகொண்டிருந்த தாய்மார் இருவர் அதே முனையில், காரில் வந்தவர்கள் சுட்டதில் உயிரிழந்தார்கள். மற்றவர்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடவில்லை. மறுபடியும் அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அவர்கள் அடுப்பு மூட்டியதில் ஒரு கணக்கு இருந்தது. கும்பல் ஒரு பையனைப் பிடிப்பதும் சோறு போட்டுத்தான். முதல் நாளே யாரும் கையில் ஆயுதத்தைத் திணிப்பதில்லை. நம்மூரில் என்றால் ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு ஜோடி ஷூ, ‘எவனாவது கை வெச்சா சொல்லுடா, பாத்துக்கலாம்’ என்று ஒரு வார்த்தை. சில வாரம் கழித்து, ‘இந்தப் பை கொஞ்ச நேரம் உன்கிட்ட இருக்கட்டும்.’

சென்னையில் ‘ரூட்டு தல’ என்ற பேச்சைக் கேட்காதவர் குறைவு. அந்த வழியில் வரும் கல்லூரி மாணவர்களுக்குத் தலைவன் என்று அர்த்தம். பஸ் ரூட்டுக்கு ஒரு தல, ரயில் ரூட்டுக்கு ஒரு தல. படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டிக் கானா பாடுவதில் தொடங்கும் கூட்டு, பட்டாக்கத்தி வரைக்கும் போய்விடுகிறது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில், பட்டப்பகலில், பயணிகள் கண்ணெதிரே மாணவர்களை மாணவர்களே வெட்டினார்கள். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், சென்ட்ரல் அருகே வேறொரு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் படுகாயமடைந்து, சில நாட்களில் இறந்துபோனார். படிக்க வந்த பிள்ளை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்த பிறகுதான், மகன் எந்த ஸ்டாப்பில் யாரோடு நிற்கிறான் என்பதே பல வீடுகளில் தெரியவருகிறது. விடிவதற்குள் வேலைக்கு ஓடும் அப்பா அம்மாவை அதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால், பக்கத்து வீட்டுப் பையன் வகுப்பு நேரத்தில் டீக்கடை ஓரம் நிற்பதைப் பார்த்தும், ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று கடந்துபோகும் பெரியவர்களைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த மாதம் அவனுக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளையே நிற்கலாம். மகனோடு சுற்றும் நாலு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட எந்தக் குடும்பத்தாலும் முடியும். அவர்களுடைய அம்மாக்களின் போன் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் ஒருநாள் மகன் போகும் பஸ்ஸிலேயே அப்பா ஏறிப்போய்ப் பார்க்கலாம். அவன் கூச்சப்பட்டால் படட்டும்.

ஏற்கெனவே கும்பலில் சேர்ந்துவிட்ட பிள்ளையையும் கைகழுவ வேண்டியதில்லை. அமெரிக்காவில் ரோச்செஸ்டர், டென்வர், சியாட்டில் நகரங்களில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், கும்பலில் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்கு மேல் அதில் நீடிக்கவில்லை. ‘இனி இந்த வாசப்படியை மிதிக்காதே’ என்று துரத்திவிட்டால், அந்த ஓராண்டை அவன் தல வீட்டில்தான் கழிப்பான். திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு, வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்த்துப் பேசி, தேவைப்பட்டால் இந்த செமஸ்டர் முடியும்வரை வேறு ரூட்டில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து அவனைக் கல்லூரிக்கு அனுப்பலாம்.