ஆறு கார்கள் ஓடிய பந்தயம்

என் மாமா பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறான். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் நாட்களில் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் சந்திப்போம். அப்படி ஒரு காலையில் நரேன் கார்த்திகேயன் பற்றிப் பேச்சு வந்தது. ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர், நம்ம தமிழ்நாட்டுக்காரர் என்று நான் சொன்னதுதான் தாமதம், சிரித்துவிட்டான்.

"மச்சான், அன்னிக்கு ஓடினதே ஆறு கார்தான். ஆறுல நாலாவது. அதெல்லாம் ஒரு கணக்கா?"

அவன் சொன்ன தகவல் சரி. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் பழுதாகி, கார் சுவரில் மோதியது. சாய்வான அந்தக் கடைசி வளைவில் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி தர முடியாது என்று மிஷலின் கைவிரித்தது. வேகத்தைக் குறைக்க அங்கே தற்காலிகத் திருப்பம் ஒன்று வைக்கலாம் என்ற யோசனையை நிர்வாகம் ஏற்கவில்லை. ஞாயிறு அன்று இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்றுக்கு வந்தன. சுற்று முடிவதற்குள் மிஷலின் டயர் போட்ட பதினான்கும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம் ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. கோபத்தில் ரசிகர்கள் தடத்தில் பாட்டில்களை எறிந்தார்கள். ஜோர்டானை ஓட்டிய நரேன் நாலாவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த மொத்தப் புள்ளியும் அவ்வளவுதான்.

அந்த ஐந்து புள்ளிகளுக்கு அவர் தகுதியானவரா? விதிப்படி ஓடினார், முடித்தார், அதனால் தகுதிதான் என்று சொல்லலாம். அதிர்ஷ்டம் அடித்தது, அதனால் இல்லை என்றும் சொல்லலாம். இரண்டு பதிலுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: மற்ற நாட்களில் ஓட வேண்டியவர்கள் எல்லாரும் ஓடினார்கள் என்ற நம்பிக்கை. எனக்கு இடிப்பது அங்கேதான்.

நரேன் வந்த வழியைப் பார்ப்போம். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். 1992இல், பதினைந்து வயதில், பிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளி. அடுத்த வருடம் ஃபார்முலா மாருதி. 1994இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் ஓடியவர்களை முந்தித்தான் மேலே போனார். அந்தக் கையும் கண்ணும் யாரும் வாங்கிக் கொடுத்ததல்ல. ஆனால் முதல் படியில் கால் வைக்கவே காசு வேண்டும். கோ-கார்ட், எஞ்சின், டயர், பயிற்சிக் கட்டணம், விமான டிக்கெட். ஒரு பையனுக்குத் திறமை இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே, யாரோ பெரிய தொகையைச் செலவழித்தாக வேண்டிய விளையாட்டு இது.

இது எங்கள் ஊருக்கு வெகு தூரத்து விஷயமும் இல்லை. இங்கிருந்து சென்னை போகும் ஜி.என்.டி. சாலையில்தான் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை நாட்டின் பெரிய கார் பந்தயங்கள் அங்கே நடந்தன. கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா, கரிவரதன் எல்லாம் ஓட்டிய இடம். என் பெரியப்பா பொன்னேரியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். "சத்தம் வயித்துல அதிரும்டா" என்பார். ஓட்டணும்னு ஆசை வரலையா என்று ஒருமுறை கேட்டேன். "அது ராஜாங்க ஓட்டுறதுப்பா" என்றார். அதில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

இதைச் சொன்னதும் மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் வேலையைப் பற்றிச் சொன்னான். அவன் மேஜைக்கு வரும் ஒவ்வொரு பாகத்தையும் கேஜில் போட்டுப் பார்ப்பான். 'கோ' பக்கம் நுழைய வேண்டும், 'நோ-கோ' பக்கம் நுழையக் கூடாது. தவறினால் ரிஜெக்ட். "ஆனா என் மேஜைக்கே வராத பீஸை நான் எப்படி ரிஜெக்ட் பண்ண முடியும்?"

நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். பந்தயம் ஒரு கேஜ். தடத்துக்கு வந்தவர்களைத் துல்லியமாக அளக்கும். வராதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. சோழவரத்து வேலியோரம் நின்ற பையன்களில் பத்து நரேன்கள் இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது வெறும் ஆறுதல். ஒருவர்கூட இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. அவர்களை யாரும் அளக்கவே இல்லை. இண்டியானாபொலிஸில் விலகிய பதினான்கு காரையாவது உலகம் எண்ணியது. மற்ற பந்தயங்களில் இல்லாதவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை.

அன்று விலகிய பதினான்கில் ஒன்றை ஓட்டியவர் டகுமா சாட்டோ. நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14, சாட்டோ அதே மாதம் 28. சைக்கிள் பந்தயத்தில் இருந்தவர், பத்தொன்பது வயதில்தான் கார்ட்டிங்குக்கே வந்தார். இந்த விளையாட்டில் அது கிழவன் வயது. சுசுகாவில் ஹோண்டா ஆதரவில் நடந்த பந்தயப் பள்ளியில் சேர்ந்து, அதன் உதவித்தொகையை வென்றார். 2001இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன், அடுத்த வருடம் ஃபார்முலா ஒன். 2017இல் அதே இண்டியானாபொலிஸ் மைதானத்தில் இண்டி 500ஐ வென்ற முதல் ஆசியர் ஆனார். அவருக்கும் அதிர்ஷ்டம் இருந்திருக்கும். ஆனால் அளந்து பார்க்க ஒரு மேஜை அங்கே போடப்பட்டிருந்தது. இங்கேயும் கரிவரதன் அதைத்தான் முயன்றார். மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் அவர் உருவாக்கியதுதான் ஃபார்முலா மாருதி. நரேன் முதலில் ஓட்டிய பந்தயக் கார்களில் அதுவும் ஒன்று.

நான் வந்து நிற்கும் இடம் இது. நரேனின் ஐந்து புள்ளிகள் நியாயமானவை. கூட்டம் பாட்டில் எறியும்போது கவனம் சிதறாமல் கடைசிவரை ஓட்டிய மனிதரிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒருவர் வென்றார் என்பதிலிருந்து மற்றவருக்குத் தகுதி இல்லை என்று முடிவு கட்டுகிறோமே, அது பொய்க்கணக்கு. கார் பந்தயத்தில் செலவு பச்சையாகத் தெரிவதால் சட்டென்று புரிகிறது. காலேஜ் சீட்டிலும் கம்பெனி இன்டர்வியூவிலும் அதே கணக்கைத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்கிறோம்.

டீக்காசு கொடுத்துவிட்டு வந்த மச்சான் சொன்னான்: "பத்தாவதுக்கு அப்புறம் ஐ.டி.ஐ.ல சேத்துவுட்டாங்க. நமக்குப் படிப்பு ஏறாதுன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

"ஏறுதான்னு யாராவது பாத்தாங்களா?"

"இல்ல" என்றான். கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி சிப்காட் பக்கம் திரும்பியது. பகல் ஷிஃப்ட் ஆட்கள் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.