ஒரு முட்டி, இரண்டு ஜெர்சி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அமெரிக்க டீமோடு கால் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா பையனிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அவனுக்குப் பதினைந்து வயது. திருவொற்றியூரில் படிக்கிறான், சாயங்காலம் வியாசர்பாடிப் பக்கம் ஒரு கிளப்பில் ஃபுட்பால் ஆடுகிறான்.

“மாமா, வியாழக்கிழம ஜோனல் மேட்ச். கோச் போவாதன்றாரு. பி.டி. சார் வரலன்னா டி.சி.தான்றாரு. நான் இன்னா மாமா பண்றது?”

‘ஆடு’ என்று டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்தேன். அழித்ததற்குக் காரணம் இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு முட்டி.

பத்தாவது வரை நான் எங்கள் பள்ளி அணியின் லெஃப்ட் பேக். சுமார் ரகம்தான், ஆள் பற்றாக்குறையில் கிடைத்த இடம். அந்த அணியில் ஒருத்தன் மட்டும் நிஜமான ஆட்டக்காரன், கிளப் பையன். அவன் கோச்சும் போகாதே என்றுதான் சொல்லியிருந்தார். நாங்கள் நச்சரித்து இழுத்து வந்தோம். ஒரே நாளில் மூன்று மேட்ச். மூன்றாவதில் ஒருவன் மோதி அவன் முட்டி திரும்பிவிட்டது. அதற்கப்புறம் அவன் பழைய மாதிரி ஆடவே இல்லை. இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறான்.

மறுநாள் காலில் ஒரு அமெரிக்கச் சகாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். அங்கே இதே சண்டை தேசிய அளவில் நடந்திருக்கிறது. அந்நாட்டுக் கால்பந்து சம்மேளனம் 2007-இல் ‘டெவலப்மென்ட் அகாடமி’ என்ற கிளப் அமைப்பைத் தொடங்கியது. 2012-இல் அதன் சீசனைப் பத்து மாதமாக நீட்டி, அதில் இருக்கும் பையன்கள் ஹைஸ்கூல் அணிக்கு ஆடக்கூடாது என்றது. சில விலக்குகள் உண்டு. அவர்கள் சொன்ன காரணம், நல்ல பயிற்சியும் நல்ல போட்டியும் வருஷம் முழுக்க வேண்டும் என்பது. 2020-இல் அந்த அகாடமியே மூடப்பட்டது. அப்படி ஹைஸ்கூல் ஆட்டத்தை விட்ட பையன்களில் எத்தனை பேர் அப்புறம் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள் என்று கேட்டேன். “என் பையன் ஆகவில்லை” என்றார்.

நம் ஊரில் கணக்கு வேறு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான விதிகளை எடுத்துப் பாருங்கள். நாட்டுக்கு ஆடியிருக்க வேண்டும், அல்லது மாநிலத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு, தேசியப் பள்ளிப் போட்டிகளில் மாநிலப் பள்ளி அணிக்கு. கிளப்புக்கு எத்தனை கோல் போட்டான் என்பது அந்தப் பட்டியலில் வராது. தமிழ்நாட்டிலும் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் சர்டிஃபிகேட்தான் பேசும். பள்ளி வழியாக அந்த சர்டிஃபிகேட்டுக்குப் போகும் படிக்கட்டு குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறுகிறது. முதல் படி இந்த ஜோனல் மேட்ச்.

2023 ஆகஸ்ட் 12 அன்று சால்ட் லேக் மைதானத்தில், டூரண்ட் கோப்பையில், மோகன் பகானுக்கு எதிராக வியாசர்பாடிப் பையன் நந்தகுமார் சேகர் ஒரு கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷம் கழித்து அந்த டெர்பியை ஜெயித்தது. அந்த கோலை எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்னும் போனில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் நந்தகுமார் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ரயில்வேயோ, வங்கியோ, கஸ்டம்ஸோதான் கனவு. கோச் ‘ஸ்கூலுக்குப் போகாதே’ என்றால், அந்தக் கனவைப் பணயம் வை என்றும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அதே வியாசர்பாடியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகப் பந்து சொல்லித்தரும் அமைப்பின் பெயரிலேயே விளையாட்டோடு ‘எஜுகேஷன்’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே பையனுக்குத்தான் என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர்.

சர்டிஃபிகேட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை ஒரு லெஃப்ட் பேக்காகச் சொல்கிறேன். கிளப் திறமையைப் பார்த்து ஆள் எடுக்கிறது. பள்ளி அணியில் இருப்பவர்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், அங்கே உட்கார்ந்ததாலேயே கிடைத்த ஆட்கள். அந்தக் கிளப் பையன் எனக்குப் பந்து கொடுப்பான். நான் தொலைத்துவிடுவேன் என்று தெரிந்தும் கொடுப்பான். தன்னைவிடச் சுமாரானவனை நம்பிப் பந்து கொடுப்பதை எந்தக் கிளப்பும் பயிற்சியில் வைப்பதில்லை. அந்தப் பாஸை வாங்கிய நான் இன்றைக்கு ஆபீசில் புதுப் பையனுக்கு வேலை கொடுக்கும்போது அதை நினைத்துக்கொள்கிறேன்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மனிதனை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்றார் கான்ட். எனக்கு ஒரு இனிய ஞாபகம் கிடைப்பதற்கு அவன் முட்டி கருவியானதா? இருபது வருஷமாகக் கேட்காத கேள்வியை அன்று மத்தியானம் அவனுக்கே போன் போட்டுக் கேட்டேன். பின்னால் கிரேன் சத்தம்.

“டேய், கிளப்ல ஆடியிருந்தாலும் அடிபட்டிருக்கும். அது மேட்டர் இல்ல. அடிபட்டு வுயுந்தப்போ கோச்சு ‘நான்தான் போவாதன்னேனே’ன்னுட்டாரு. ஸ்கூல்ல ‘கிளப் பையன்தானே, அவுங்க பாத்துப்பாங்க’ன்னுட்டாங்க. எங்கம்மாதான் மீன் கூடையைக் கீய வச்சிட்டு ஓடியாந்துச்சு. நீங்கல்லாம் ஜெயிச்ச கோப்பையோட போட்டோ எடுத்துனு இருந்தீங்க.”

எடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

கிளப்பா பள்ளியா என்று அந்தப் பதினைந்து வயதுப் பையனிடம் கேட்பதே தப்பு என்று எனக்கு அப்போதுதான் பட்டது. தேதியை வைத்தவர்கள் பெரியவர்கள். மோதலை உண்டாக்கியவர்களும் அவர்களே. ஆனால் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டியவன் மட்டும் பையன். ‘வா’ என்று கூப்பிடும் உரிமை, அவன் விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் உண்டு. ‘போகாதே’ என்று தடுப்பவரும் அந்தத் தடையால் அவன் இழப்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அவன் பள்ளிக்கு ஆடட்டும், ஆடவேண்டும் என்றே சொல்வேன். இல்லாவிட்டால் நாம் கேட்பது இரவல் முட்டி.

சாயங்காலம் கோச்சுக்கும் பி.டி. சாருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். இரண்டு வருஷமாக ஒரே பையனுக்குப் பயிற்சி கொடுக்கும் இருவரும் ஒரு முறைகூடப் பேசிக்கொண்டதில்லை. நம்பர் வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷப் பேச்சு. அன்றைக்குக் கிளப்பில் பயிற்சி கிடையாது, ஜோனலில் ஒரு மேட்ச் மட்டும், அடிபட்டால் பி.டி. சாரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிந்தது. டி.சி. பேச்சு மறுபடி வரவில்லை.

முதல் மேட்ச் ஜெயித்தார்கள். இரண்டாவதில் அவன் வெளியே உட்கார்ந்திருந்தான், தோற்றார்கள். ராத்திரி வாய்ஸ் நோட் வந்தது. “வெளிய குந்தினு பாக்கறதுதான் மாமா கஷ்டம். ஆனா சார் பேக்ல ஐஸ் பேக் எடுத்துனு வந்திருந்தாரு.”

அந்த வாய்ஸ் நோட்டை எண்ணூர் நண்பனுக்கு ஃபார்வர்டு செய்தேன். ப்ளூ டிக் விழுந்தது. பதில் வரவில்லை.